உள்ளே டாக்டர், வெளியே குடித்தனக்காரன்

சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் அவனைப் பேச்சு டாக்டர் என்றார்கள். ஊசி போடமாட்டான், மாத்திரை எழுதமாட்டான், நாக்கை நீட்டு என்று சொல்லமாட்டான். எதிரில் உட்காரவைத்துப் பேசுவான். அதிலும் பாதி நேரம் பேசமாட்டான், தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். உண்மையில் அவன் டாக்டரே இல்லை, உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். உடம்புக்கு ஒரு கட்டடம், மனசுக்கு இன்னொரு கட்டடம் என்று கிராமத்து ஜனங்களை அலையவிடக் கூடாது, இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் திட்டம் போட்டு, மாணவர்களை ஆளுக்கொரு சிற்றூருக்கு ஒரு பருவம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. ஒரே கூரை என்ற சொல்லை அது எவ்வளவு தூரம் யோசித்துப் போட்டது என்பது தெரியவில்லை.

வேலை முறை எளிதானது. டாக்டரம்மா ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார். மாத்திரைக்கு மசியாத ஏதோ உள்ளே இருக்கிறது என்று அவருக்குப் பட்டால், "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பாமல், கையோடு கூட்டிவந்து பேச்சு டாக்டரிடம் விடுவார். சூடு ஆறுவதற்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. அப்படிச் சூடு ஆறாமல் வருகிறவர்களை அவன் உட்காரவைத்த இடம், தடுப்பூசிக் குளிர்பெட்டி இருந்த அறை. பாதிப் பேச்சில் நர்ஸக்கா உள்ளே வருவார். "நான் எதையும் காதுல வாங்கல, நீங்க பாட்டுக்கு அழுங்கம்மா" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துக்கொண்டு போவார்.

அவன் தங்குவதற்கு அந்த ஊரில் வாடகைக்குக் கிடைத்த அறை ஒன்றே ஒன்று. நெடுஞ்சாலையோரம் லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கிழிக்கும் எடைமேடைக்காரரின் வீட்டை ஒட்டிய அறை அது. வெளியூரில் தங்கி வந்துபோகலாம் என்றால் பஸ் ஒத்துழைக்காது. கடைசி பஸ் வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிடும். பக்கத்து ஊருக்கு அனுப்பப்பட்ட மாணவி தங்க இடம் கிடைக்காமல் திரும்பிப் போனாள். அவளுடைய பருவம் கணக்கில் வராது என்று பல்கலைக்கழகம் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்தது. ஆகவே அவன் அந்த அறையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தான். வாசலைப் பெருக்கினான். எடைமேடைக்காரரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டான். அவர்களும் "வாப்பா", "சாப்பிட்டியாப்பா" என்று சொந்தத் தம்பி மாதிரிதான் வைத்திருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மா கதவைத் தட்டிவிட்டு, "இவருக்கு பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. ராத்திரியில தூக்கமே இல்லையாம். கொஞ்சம் பேசுங்க" என்று ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டுப் போனார். அந்த ஆள் எடைமேடைக்காரர்.

இந்த இடத்தில் அவன் செய்திருக்க வேண்டியது, "அண்ணே, நாம ஏற்கனவே தெரிஞ்சவங்க, அதைப் பத்தி முதல்ல பேசிடுவோம்" என்று சொல்வது. இதுவும் பாடத்தில் இருந்தது, பத்தாம் அத்தியாயத்தில். அவன் மனப்பாடம் செய்திருந்தது முதல் அத்தியாயம். நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வணக்கம். இங்க நாம பேசறது எதுவும் இந்த ரூமைத் தாண்டிப் போகாது. வெளியில எங்கேயாவது பார்த்துக்கிட்டாலும், நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். இங்க பேசினதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். இது உறுதி."

எடைமேடைக்காரர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்போ வெளிய நீங்க யாரோ, நான் யாரோ?"

'நீங்க' என்றார். அதிலேயே அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அப்படி இல்ல அண்ணே... வந்து... விதிப்படி பார்த்தா அப்படித்தான்."

"சரி டாக்டர். விதின்னா விதிதான்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் வீட்ல ஒரு பையன் குடியிருக்கான்."

அவன் தலையை ஆட்டினான்.

"நல்ல பையன்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா விளக்கு வெச்சா போதும், தனக்குத்தானே பேச ஆரம்பிச்சிடறான். கேள்வியும் அவனே கேக்கறான், பதிலும் அவனே சொல்றான். கேக்கற குரல் தேன் மாதிரி இருக்கு. பதில் சொல்ற குரல் அழுவுது. சில நாள் பொம்பளை மாதிரி அழுவுது. எங்க வீட்ல அவ சொல்றா, பையனுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு. நான் மூணுங்கறேன்."

அது ஒத்திகை. மறுநாள் வரப்போகிறவர்களிடம் என்ன கேட்பது என்று அவன் தினமும் சத்தம் போட்டுப் பேசிப்பார்ப்பான். நோயாளி வேஷமும் அவனே போடுவான். சுவருக்கும் காது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறான். அந்தக் காது எடைமேடைக்காரருடையது என்று யாரும் சொல்லவில்லை.

"அதனால தூக்கம் கெடுதா சார்?" என்றான். 'அண்ணே' தொண்டை வரை வந்து, 'சார்' என்று மாறி வெளியே விழுந்தது.

"சத்தத்தால இல்ல டாக்டர். ராப்பகலா லாரிக்கு நடுவுல இருக்கறவன் நான், சத்தமா என்னை எழுப்பிடும்? அவன் கேக்கற கேள்விதான் பிரச்சனை. போன வாரம், 'கடைசியா எப்போ மனசு விட்டுச் சிரிச்சீங்க'ன்னு கேட்டான். கேட்டுட்டுப் பதில் சொல்லாம விளக்கை அணைச்சிட்டான். நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு விடிய விடிய யோசிக்கறேன். எப்போய்யா சிரிச்சேன்? இன்னும் கிடைக்கல."

நர்ஸக்கா உள்ளே வந்தார். "நான் எதையும் காதுல வாங்கல" என்றார். குப்பியை எடுத்தார். போகும்போது பேச்சு டாக்டரைப் பார்த்து, "உங்க ஓனர்தானே இவரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவன் இதுதான் சமயம் என்று, "சார், அவங்க சொன்ன மாதிரி, உங்க வீட்ல இருக்கறது நான்..." என்று ஆரம்பித்தான். எடைமேடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டாக்டர், ஒரு லாரி வெறும் வண்டியா வரும், ஒரு சீட்டு கிழிப்பேன். அதே லாரி சரக்கு ஏத்திக்கிட்டு வரும், இன்னொரு சீட்டு கிழிப்பேன். வண்டி ஒண்ணுதானேன்னு ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதினா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க. உள்ள வேற, வெளிய வேற."

சொன்னபடியே நடந்தார். அன்று மாலை வாசலில் அவனைப் பார்த்து, "என்னப்பா, வேலையெல்லாம் எப்படிப் போவுது?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார். அந்த முகத்தில் காலையின் சுவடு கடுகளவும் இல்லை. "நானும் இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காரு, சின்ன வயசுதான். என்ன பொறுமைங்கறே! வாயே திறக்கல."

அவன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். விஷயத்தின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இனிமேல் சத்தம் போடாமல் ஒத்திகை பார்த்தால் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இன்றைக்குக் காலையில் டாக்டரிடம் சொன்னார், இன்றைக்கு ராத்திரியே பையன் வாயை மூடிக்கொண்டான் என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் போய்ப் பையனிடம் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். உள்ளே பேசியது வெளியே போய்விட்டது. வாக்கு போயிற்று, நம்பிக்கை போயிற்று, ஒன்று முதல் ஒன்பது அத்தியாயங்கள் போயின. ஆகவே எடைமேடைக்காரரின் நன்மையை உத்தேசித்து அவன் வழக்கம்போலச் சத்தமாகவே ஒத்திகை பார்த்தான். ஒரு மாறுதலுக்கு, எல்லாக் கேள்விகளுக்கும் பதிலையும் சொல்லி முடித்துவிட்டே விளக்கை அணைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

வாராவாரம் பேராசிரியை கணினித் திரையில் தோன்றி வழிகாட்டுவார். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினான். வீட்டுக்காரரே நோயாளி, நோயாளியின் நோயே நான், இப்போது நான் என்ன செய்ய வேண்டும் மேடம்?

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் பேராசிரியை.

"குழப்பமா இருக்கு மேடம்."

"குழப்பம் நல்லது. அதோட கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க."

"நாலு நாளா உட்கார்ந்திருக்கேன் மேடம். அவரை வேற யார்கிட்டயாவது அனுப்பிடலாமா?"

"வேற யாரு இருக்காங்க அங்க?"

"யாரும் இல்ல."

"பார்த்தீங்களா! சின்ன ஊர்ல இப்படித்தான் இருக்கும். கடைக்காரர் நோயாளி, பஸ் கண்டக்டர் நோயாளி, வீட்டுக்காரர் நோயாளி. இதைத் தவிர்க்க முடியாது, கையாளணும்."

"எப்படிக் கையாளணும் மேடம்?"

"அருமையான கேள்வி" என்று சொல்லி, வாயைத் திறந்தபடியே பேராசிரியை உறைந்துபோனார். இணைப்பு போய்விட்டது. திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. "நோயாளியோட நன்மைதான் முதல், அதை மட்டும் மறந்துடாதீங்க. அடுத்த தடவை பேசறதை அவர் சம்மதத்தோட பதிவு பண்ணி அனுப்புங்க. அதை வெச்சுத்தான் உங்களுக்கு மதிப்பீடு" என்றார்.

அடுத்த வியாழன் எடைமேடைக்காரர் கண்கள் சிவந்து வந்தார். பதிவு செய்யச் சம்மதித்தார். கைப்பேசியைக் குளிர்பெட்டியின் மேல் சாய்த்துவைத்தார்கள்.

"வீட்ல அவ முடிவா சொல்லிட்டா டாக்டர். பையனைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு. எனக்குத்தான் மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?"

இப்படி இரண்டு மனதாக வருகிறவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் ஐந்து என்றால், ஏன் இரண்டு இல்லை என்று கேட்க வேண்டும். அப்போது அந்தக் காரியத்தைச் செய்வதற்கான காரணங்களை அவரே அடுக்கித் தன்னைத்தானே தயார்செய்துகொள்வார். ஏன் எட்டு இல்லை என்று மாற்றிக் கேட்டுவிட்டால் செய்யாமல் இருப்பதற்கான காரணங்களை அடுக்குவார். முதலில் சொன்னதுதான் விதி. இரண்டாவது அவன் அறையைக் காப்பாற்றும்.

"அவனைக் காலி பண்ணச் சொல்றது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க சார்."

"அஞ்சு போடுங்க."

குளிர்பெட்டி உறுமியது. கைப்பேசியின் சிவப்புப் புள்ளி அவனையே பார்த்தது. எதிரில் தூங்காத மனிதர் உட்கார்ந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கரிக்கோடு விழுந்து. நேற்று எடைமேடையில் ஒரு லாரியை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாராம். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்து எழுப்பியதாம்.

"ஏன் அஞ்சு? ஏன் ரெண்டு இல்ல?" என்று கேட்டான். நுணலும் தன் வாயால் கெடும். இவனுக்குச் சொந்தச் செலவில் சூனியம்.

எடைமேடைக்காரர் யோசித்தார். பிறகு மடை திறந்தது. தூக்கம் இல்லை, வேலையில் எடையைத் தப்பாகப் படித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது, மனைவியிடம் எரிந்து விழுகிறேன், பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது. பேசப் பேச நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க கேட்ட பிறகுதான் தெரியுது டாக்டர். அஞ்சு இல்ல, ஒம்போது. அனுப்பிட வேண்டியதுதான். ஆனா எப்படிச் சொல்றது? மூஞ்சியைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குதே. அண்ணே அண்ணேன்னு காலைச் சுத்திச் சுத்தி வருவான்."

இதற்கும் ஒரு முறை இருந்தது. பேச்சு டாக்டரின் துரதிர்ஷ்டம், எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது.

"சொல்லிப் பழகிப் பார்க்கலாம் சார். இப்போ என்னையே அந்தப் பையன்னு வெச்சுக்குங்க."

"உங்களையா?" எடைமேடைக்காரர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சரி, சமாளிச்சுப்போம்." தொண்டையைச் செருமினார். "தம்பி... ரூமைக் காலி பண்ணிடுப்பா."

"எனக்குப் போக வேற இடம் இல்லண்ணே" என்றான் அவன். குரல் தானாக உடைந்தது.

எடைமேடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், நீங்க ரொம்ப நல்லா நடிக்கறீங்க. இப்படி நடிச்சா நான் எங்க சொல்றது? கொஞ்சம் திமிரா நடிங்க."

"அவன் திமிர் பிடிச்சவனா சார்?"

"இல்ல. ஆனா பழகறதுக்குக் கொஞ்சம் திமிரு இருந்தா சுலபமா இருக்கும்."

அவன் திமிராக நடித்தான். "முடியாதுண்ணே, உங்களால ஆனதைப் பார்த்துக்குங்க" என்றான். இந்த வசனத்தை வாழ்க்கையில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. எடைமேடைக்காரர் மேசையைத் தட்டினார். "யார்கிட்டடா பேசறே? காலி பண்ணுடா!" என்றார். நர்ஸக்கா தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, காதில் வாங்காமலேயே போய்விட்டார்.

"இவ்வளவு கோவம் வேண்டாம் சார்" என்று பேச்சு டாக்டர் திருத்தினான். "அவன் கஷ்டம் புரியுதுன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் உங்க தேவையைச் சொல்லுங்க. ஒரு தேதி கொடுங்க. அவன் கெஞ்சினாலும் அதையே திருப்பிச் சொல்லுங்க, குரலை உயர்த்த வேண்டாம்."

மறுபடி செய்தார்கள். அவன் கெஞ்சினான், அவர் திருப்பிச் சொன்னார். மறுபடி கெஞ்சினான், மறுபடி சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் தெளிந்துகொண்டே வந்தது. கடைசித் தடவை அவ்வளவு கனிவாக, அவ்வளவு உறுதியாகச் சொன்னார். பேச்சு டாக்டருக்கு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் வேலை பலிக்கிறது என்று பெருமிதம் பொங்கியது. பலித்தால் என்ன ஆகும் என்பதும் கூடவே பொங்கியது.

பதிவைப் பார்த்த பேராசிரியை அன்று மதியமே செய்தி அனுப்பிவிட்டார். 'மிகச் சிறப்பு. உங்கள் விருப்பத்தைத் துளியும் கலக்கவில்லை. இதையே வகுப்பில் காட்டப்போகிறேன்.' இணைப்பு நன்றாக இருந்த ஒரே நாள் அது.

மாலையில் எடைமேடைக்காரர் அவன் அறை வாசலுக்கு வந்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார்.

அவன் எழுந்து நின்றான். அடுத்த வரி என்ன என்று அவனுக்குத் தெரியும். எடுத்துக்கொடுக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஆனா எனக்குத் தூக்கம் வேணும்ப்பா. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துடு."

"எனக்குப் போக வேற இடம் இல்லண்ணே" என்றான். இந்தத் தடவை நடிக்கவில்லை. காலையில் நடித்தானா என்றும் இப்போது சந்தேகமாக இருந்தது.

அக்கா "ஐயோ பாவம்" என்றாள். எடைமேடைக்காரர் திரும்பி, "இரு, இதுக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்காரு" என்றார். அவன் பக்கம் திரும்பி அதே கனிவோடு அதையே சொன்னார். "உன் கஷ்டம் புரியுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுப்பா."

"நான் இனிமே சத்தமே போடமாட்டேண்ணே."

"என்ன சத்தம்?" எடைமேடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். "நான் சத்தத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. யாரு சொன்னாங்க?"

உள்ளே கேட்டதை வெளியே சொல்லிவிட்டான். டாக்டரைக் காட்டிக்கொடுத்துவிட்டான். "நானா... நானா யூகிச்சேண்ணே" என்றான்.

"நல்ல பையன்ப்பா நீ" என்று எடைமேடைக்காரர் அவன் தோளைத் தட்டினார். பாரம் இறங்கிய வண்டி மாதிரி உடம்பு லேசாகியிருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். "இன்னைக்குத் தூங்கிடுவேன்னு நெனைக்கறேன். அடுத்த வியாழக்கிழமை போய் அந்த டாக்டர்கிட்ட நன்றி சொல்லணும்."

"அவர் இருக்கமாட்டாருண்ணே."

"ஏன்?"

"அவருக்கு ஊர்ல தங்க இடம் இல்ல. ஞாயித்துக்கிழமையோட போயிடுவாரு."

எடைமேடைக்காரரின் கொட்டாவி பாதியில் நின்றது. அக்காவைப் பார்த்தார், அக்கா அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் உண்மையான கலவரம் தெரிந்தது. கேலியின் நிழல் எங்காவது ஓடுகிறதா என்று பேச்சு டாக்டர் தேடிப்பார்த்தான். படித்த படிப்பு முழுவதையும் கண்ணில் கொண்டுவந்து தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"அடப்பாவமே! அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா இடம் இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஞாயித்துக்கிழமை இந்த ரூம் காலியாத்தானே ஆகப்போவுது. அவரை வரச் சொல்லுப்பா. வாயைத் திறக்காத மனுஷன், கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. அவர் பக்கத்து ரூம்ல இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

"அவரு இங்கயே இருந்தா, இங்க பார்க்கறதும் அங்க பார்க்கறதும்..." என்று அவன் பத்தாம் அத்தியாயத்தைத் தேடினான்.

"அதை நானும் அவரும் பேசிக்கறோம். நீ ஏன் நடுவுல வர்றே?" என்றார் எடைமேடைக்காரர். "நீ பெட்டியைக் கட்டற வேலையைப் பாரு."

அக்கா மட்டும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, "ஏம்ப்பா, அந்த டாக்டருக்கு ஒரு தலகாணி போதுமா, ரெண்டு வேணுமா?" என்று கேட்டாள்.

அவன் சற்று யோசித்தான். ஒன்று உயரம் பற்றாமல் கழுத்து வலிப்பதை இத்தனை நாளாக யாரிடமும் சொன்னதில்லை.

"ரெண்டு கேப்பாரு அக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கதவு வழியாக வெளியேறி எந்தக் கதவு வழியாக உள்ளே வரவேண்டும் என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அந்த அறைக்கு இருந்தது ஒரே கதவு.